மூன்று மணிக்கு ஒரு வகுப்பு

1980-களில் கோயம்புத்தூர் மில் ஒன்றில் நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடராக இருந்துகொண்டே டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன் என்றால், இன்றைய பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள். உழைத்தேன்தான். ஆனால் அதில் சரிபாதி எங்கள் இன்ஸ்டிடியூட் மாஸ்டருக்குச் சேர வேண்டிய பெருமை.

மில்லில் வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். பகல், அரை நைட், முழு நைட். தினமும் ஒரே மணிக்கு வந்து உட்காரச் சொன்னால் மில் தொழிலாளி எப்படிப் படிப்பான்? மாஸ்டருக்கு அது தெரியும். காலை ஆறு மணிக்குத் திறப்பார், இரவு ஒன்பதுக்குத்தான் பூட்டுவார். ஆளுக்கு ஒரு மெஷின், ஒரு மணி நேரம். சனிக்கிழமையானால், "தம்பி, வர்ற வாரம் எந்த ஷிப்டுங்க?" என்று அவரே கேட்டு, நோட்டில் என் பெயரை வேறு மணிக்கு மாற்றி எழுதிக்கொள்வார். முழு நைட் முடித்துத் தலையில் பஞ்சுத் தூசியோடு நேரே போய் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். பிப்ரவரி, ஆகஸ்டு தேர்வுகளில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தூங்காத கண்ணோடு அந்த வேகம் வராது என்று, முழு நைட் வாரத்தில் என்னை ஸ்பீடு அடிக்க விடாமல் பாடம் மட்டும் அடிக்கச் சொல்வார்.

மாஸ்டர் இப்படி மாற்றிக் கொடுக்க முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை நேரத்தை முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும் என்று அன்றைக்கு இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அடுத்த வாரம் எனக்கு எந்த மணி ஓய்வு என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததால் அவருக்கும் தெரிந்தது.

இப்போது என் அக்கா மகன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். விரும்பிய நேரத்தில் வேலை என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆர்டர் குவிவதோ மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் இரவு ஏழிலிருந்து பத்துக்குள்ளும். அப்போது வண்டியில் இல்லாவிட்டால் வருமானமில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கென்று நடக்கும் டேலி கணக்கு வகுப்பும் அதே ஏழு மணிக்குத்தான்! "மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் மரத்தடியிலதான் மாமா நிக்கறேன். அப்ப யாரு கிளாஸ் எடுக்கறாங்க?" என்கிறான்.

போனிலேயே படிக்கலாமே என்பார்கள். ஐஐடிகள் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெலும், 2017-இல் வந்த ஸ்வயமும் இணையத்தில் பாடம் தரும் பெரிய கொடை. எனக்கு அவை கிடைக்கவில்லை. ஆனாலும் வேலைக்கு நடுவே படிப்பவனுக்குப் பாடத்தைவிட முக்கியம், அவன் வரும் நேரத்தில் காத்திருந்து, தப்பைத் திருத்துகிற ஓர் ஆள்.

சென்னை மாநகராட்சி 2025-இல் டெலிவரி ஊழியர்களுக்கு ஏசி ஓய்வறைகளைத் திறந்தது. மிக நல்ல காரியம். எல்லா ஊருக்கும் அது வரட்டும். வரும்போது அங்கே ஒரு கரும்பலகையும், பிற்பகலில் பாடம் சொல்ல ஓர் ஆசிரியரும் சேர்ந்து வரட்டும். அதுவரை, ஊர்தோறும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன்: மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பேட்ச் தொடங்குங்கள். சேருகிற பையன்களிடம் சனிக்கிழமைதோறும் அடுத்த வாரம் எப்போது முடியும் என்று கேளுங்கள்.