எந்தப் பெரியோர், எந்தப் பக்கம்?

லண்டன்

அடி அண்ணாமலை வீட்டாரின் மேலான கவனத்திற்கு.

பொருள்: ஆய்வுக்கட்டுரை எழுதப் பழகும் மகனின் தற்போதைய நிலை.

லண்டனில் மேற்படிப்புப் படிக்கும் மகன் நலமாக உள்ளான். அவன் எழுதும் கட்டுரையின் நலம் அவ்வாறில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என வகுத்து, இடையிடையே 'என்பர் பெரியோர்' என்று சேர்த்தால் பள்ளியில் மதிப்பெண் கிடைத்தது. இங்கோ எந்தப் பெரியோர், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்பதை அடிக்குறிப்பில், அதாவது பக்கத்தின் கீழே எண்ணிட்டு எழுதும் சிறு குறிப்பில், காட்டாத வரி எதுவும் கரையேறுவதில்லை. புலவர் கூறுவர் என்று பெயர் சுட்டாமலே இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் இங்குச் சேர்ந்திருந்தால் முதற்பருவத்தைத் தாண்டியிருப்பாரா என்பது ஐயத்திற்குரியது.

கட்டுரையின் பொருள் நம்மூர்க் கோயில். அது திருவண்ணாமலை நகரிலுள்ள பெரிய கோயிலுக்கும் மூத்தது என்பது ஊரில் குழந்தையும் அறிந்த செய்தியாயினும், இங்கு அது கருதுகோளாகவே, சான்று கிடைக்கும்வரை ஊகமாகவே, ஏற்கப்படுகிறது. சான்றும் இருவகைப்படும்: சம்பந்தரும் அப்பரும் 7ஆம் நூற்றாண்டில் பாடிய பதிகங்கள், சுவரிலுள்ள கல்வெட்டுகள் போன்று அந்தந்தக் காலத்திலேயே எழுந்தவை முதன்மைச் சான்று, அவற்றை ஆராய்ந்து பிற்காலத்தார் எழுதியவை துணைமைச் சான்று.

இவற்றைத் தேடும் இடங்களுள் ஒன்றான பிரிட்டிஷ் நூலகத்தின் படிப்பறைகளில் பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சிலுக்கு மட்டுமே உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியும், அதன்பின் லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா அலுவலகமும் விட்டுச்சென்ற ஆவணங்கள் அந்நூலகத்தில் 14 கிலோமீட்டர் நீள அலமாரிகளை நிரப்பியுள்ளன. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையின் நீளமும் அதுவேயாயினும், இவ்வலம் வருவோர்க்கு வழியில் சுக்குக் காப்பி கிடைப்பதில்லை. இத்தனைக்கும் பின் பேராசிரியர் பரிந்துரைத்த நூல், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்ட திருவண்ணாமலைக் கல்வெட்டுத் தொகுதி. அடி அண்ணாமலையில் பேருந்து ஏறியிருந்தால் அதை அன்றே பார்த்துவிட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பியிருக்கலாம்.

பிறர் கருத்தை அவர் பெயர் சொல்லாமல் எடுத்தாள்வது இங்குக் கருத்துத் திருட்டு எனப்படும் குற்றமாதலால், பாட்டி சொன்ன தலவரலாறும் பாட்டியின் பெயரின்றிச் செல்லாது. பெயரும் நாளும் இடமும் குறித்துவிட்டால் அதுவே வாய்மொழிச் சான்று என்னும் தகுதியைப் பெற்றுவிடும். ஆகவே, அக்கதையைப் பாட்டியிடம் மீண்டும் ஒருமுறை கேட்டுப் பதிவுசெய்து, இத்துடன் இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் அவரது கையொப்பத்தையும் பெற்று அனுப்புமாறும், அப்படிவத்திற்கும் மேட்டு நிலத்தின் பத்திரத்திற்கும் எத்தொடர்பும் இல்லை என்பதை அவருக்கு முன்கூட்டியே விளக்கிவிடுமாறும் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
மகன்