நான் நடத்தும் வைஃபை

கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ரவுட்டர் கிடைக்கும். செருகினால் வைஃபை வரும். அப்படி வந்துவிட்டால் அதில் எனக்கென்ன பெருமை? அதனால் எங்கள் வீட்டுக்கு வைஃபை தருவது ஒரு பழைய கணினி. அதில் உபுண்டு 22.04, ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர், அந்த அடாப்டரை ஆக்சஸ் பாயிண்டாக வேலை வாங்கும் ஹோஸ்ட்ஏபிடி. விருந்தாளிகளுக்கு இதை விளக்கியிருக்கிறேன். காபியைக் குடித்துவிட்டு பாஸ்வேர்டு மட்டும் கேட்பார்கள்.

2024-ல் அந்தக் கணினியில் உபுண்டுவின் மையமான லினக்ஸ் கெர்னல் 6.5-லிருந்து 6.8-க்குத் தாவியது. அப்டேட் கொடுத்தது நான், ரீஸ்டார்ட் செய்ததும் நான். ஆனாலும் வைஃபை காணாமல் போனதும் நான் சந்தேகப்பட்டது இணைய நிறுவனத்தை. குரலில் கொஞ்சம் காரம் சேர்த்தே புகார் கொடுத்தேன். வந்த தம்பி கேபிளைத் தன் லேப்டாப்பில் செருகினார். நெட் ஓடியது. "லைன் நல்லா இருக்கு சார். ரவுட்டர் எங்கே?" என்றார். சிபியூவைக் காட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு ஹோஸ்ட்ஏபிடியின் அமைப்புக் கோப்பில் கை வைத்தேன். சேனலை மாற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், நெட்வொர்க்கின் பெயரைக்கூட மாற்றினேன், பெயர் ராசி பார்ப்பவர் போல. அடாப்டரை இயக்கும் டிரைவரே ஏறவில்லை என்பது ஒரே கட்டளையில் தெரிந்திருக்கும். அதைக் கடைசியில்தான் அடித்தேன். இதற்கெல்லாம் தீர்வு தேடியது மனைவியின் போன் ஹாட்ஸ்பாட்டில். "டேட்டா தீரப்போகுது, சீக்கிரம் தேடுங்க" என்ற ஊக்கம் அவ்வப்போது சமையலறையிலிருந்து வரும்.

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு தனி நியாயம் உண்டு. மேலே ஓடும் மென்பொருள்கள் புதுக் கெர்னலால் உடையக் கூடாது என்பதில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர். உள்ளே இருக்கும் இணைப்புகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மாறும். கெர்னலோடு சேர்ந்து வரும் டிரைவர்களை, மாற்றுகிறவர்களே திருத்திவிடுவார்கள். என் அடாப்டரின் டிரைவரோ வெளியாள். ஒவ்வொரு கெர்னலுக்கும் அதைப் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும், அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் இருந்தால். நான் முன்பு எங்கிருந்தோ காப்பியடித்த கட்டளை, அன்றைக்கு ஓடிய கெர்னலுக்கு மட்டும் ஹெடர் போட்டிருந்தது. புதிது வந்தபோது அதன் ஹெடர் கூடவே வரவில்லை. இதைத் திரை சொல்லியும் இருக்கலாம். அப்டேட்டின்போது ஓடும் வரிகளை நான் படிப்பதில்லை, கம்பீரமாகப் பார்ப்பதோடு சரி.

ஹெடரை நிறுவினேன். பழைய டிரைவர் 6.8-ல் கம்பைல் ஆக மறுத்தது. புதிய பதிப்பை இறக்கினேன், ஏறிக்கொண்டது. "வந்துருச்சு!" என்று கத்தினேன். மகள் போனைப் பார்த்துவிட்டு, "வரலைப்பா" என்றாள்.

நான் வைத்திருந்தது சேனல் 36, அதாவது 5180 மெகாஹெர்ட்ஸ். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று சொல்லாவிட்டால் கெர்னல் உலகப் பொது விதியைப் பிடித்துக்கொள்ளும். அந்த விதிப்படி இந்த அலைவரிசையில் கேட்கலாம், நாமாகப் பேச்சைத் தொடங்கக் கூடாது. தொடங்காமல் ஆக்சஸ் பாயிண்ட் எப்படி இருக்க முடியும்? பழைய டிரைவர் இதையெல்லாம் கேட்டதில்லை. ஹோஸ்ட்ஏபிடியின் கோப்பில் நாட்டின் குறியீடாக 'ஐஎன்' என்று இரண்டெழுத்து சேர்த்ததும் வைஃபை வந்தது. அதுவரை என் கணினிக்கு நான் நாடற்றவன்.

பூட் ஆகும்போது கிரப் மெனுவில் பழைய 6.5-ஐத் தேர்ந்தெடுத்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது என்பது மறுநாள் பல் தேய்க்கும்போது நினைவுக்கு வந்தது. வீட்டில் சொல்லவில்லை.

இப்போது எந்தக் கெர்னல் வந்தாலும் ஹெடரும் கூடவே வரும்படி செய்துவிட்டேன். அடுத்த கெர்னல் இறங்கியும்விட்டது, டிரைவரும் அதற்குத் தயார். கணினிக்குள் நுழையும்போதெல்லாம் 'ரீஸ்டார்ட் தேவை' என்று இருபுறமும் நட்சத்திரங்களோடு ஒரு வரி வருகிறது. நான் செய்யவில்லை. கரண்ட் போனாலும் கணினி அணையாமலிருக்க ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் விலையில் இரண்டு ரவுட்டர் வாங்கியிருக்கலாம்.