கறுப்புச் சட்டைக்காரர்கள்

ஈப்போ புந்தோங்கில் என் சிநேகிதர்கள் இருவர், கச்சாங் பூத்தே பொட்டலமும் கையுமாக, ருத்ராவின் ஆல்பங்களை வெளிவந்த வரிசைப்படியே கேட்டுத் தீர்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். ருத்ரா 1992இல் சிங்கப்பூரில் பிறந்த மெட்டல் குழு. உபநிடதத்தை அடித்தொண்டையில் உறுமும். உறுமுகிற கதிர், மேடையை விட்டு இறங்கினால் வேதாந்த ஆசிரியர். நம் ஆட்களுக்கு ஒரு வேலை போதாது.

1998இல் வந்த முதல் ஆல்பம் சண்டையில்லாமல் கழிந்தது. 2001இல் வந்த ‘தி ஆரியன் குரூசேட்’தான் வம்பு. ஒருவனுடைய தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவியவர், லயத்து வீட்டில் பெரியார் படம் மாட்டியிருந்தவர். பேரன் தலைப்பைப் படித்தான். பாட்டைப் போடவே விடவில்லை. “ஆரியனாம், சிலுவைப் போராம்! இதுக்கு நான் தலையாட்டணுமா மச்சான்?” ஒரு மணி நேர விவாதம், இரண்டு தே தாரிக்.

அதே 2001இல்தான் மலேசியாவில் பிளாக் மெட்டல் ரசிகர் வேட்டையும் நடந்தது. கறுப்புச் சட்டை போட்ட பையனெல்லாம் சாத்தான் கணக்கில் சேர்ந்தான். தாத்தா நல்லவேளை முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

2005இன் ‘பிரம்மவித்யா’வில் சமஸ்கிருதம் கேட்டதும் பேரனின் அம்மா சாம்பிராணி போட்டார். பக்கத்து வீட்டு அங்கிள் மட்டும் சத்தம் தாங்கவில்லை என்று வேலியோரம் வந்து நின்றார். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் உறுமி மேளம் அடிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஒத்திகை அவர் வீட்டு வாசலில்.

“அது பக்தி லா, தம்பி!”