பெண்குயிலும் பெரிய லென்ஸும்

பறவை நோக்கல், அதாவது பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் கவனித்துப் பெயரறிந்து குறித்துவைக்கும் பழக்கம், தமிழ்நாட்டில் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பறவை என்பது வேடந்தாங்கலில் மட்டும், அதுவும் முழ நீள லென்ஸ் உடையோர் கண்ணுக்கு மட்டும் தென்படும் உயிர் என்னும் கொள்கையும் அதனோடு சேர்ந்தே வளர்ந்துவருகிறது. இக்கொள்கையாளர் தம் வீட்டுப் பப்பாளி மரத்தில், பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளி தெளித்து, சிவந்த கண்ணுடன் பழத்தைக் குடையும் பறவையைக் கண்டால், வெளிநாட்டிலிருந்து ஏதோ வலசை வந்துவிட்டதாகப் பரவசமடைவார். அது பெண்குயில் என்றும், கூவுகிற கறுப்புக் குயில் ஆண் என்றும் தெரிந்தவுடன் அப்பரவசம் வடிந்துவிடும். (பெண்குயிலையே காலங்காலமாகக் கூவவைத்த திரைப்பாடல்களை விட்டுவிட்டு, பழி முழுவதையும் அவர்மேல் சுமத்துதல் நியாயமன்று.) காகத்தின் கூட்டில் முட்டையிட்டு, வளர்ப்புச் செலவை அதன் தலையில் கட்டிவிடும் அக்குயிலின் சாமர்த்தியம் அடுக்ககத்துப் பூசல்களைவிடச் சுவையானது; பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்க மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்றாலே போதும். அதில் காகமும் கணக்கில் சேரும்.