படவேட்டின் இரட்டை மாட்டு வண்டி

கேள்வி: அரசையும் தனியாரையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி ஓடுமா?

பதில்: ஜவ்வாது மலையடிவாரப் படவேட்டில் ஓடுகிறது. சம்புவராயர் ஆண்ட இந்தப் பழைய தலைநகரில், டி.வி.எஸ். குழுமத்தின் சீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் கிராம மேம்பாட்டுப் பணி செய்கிறது. டிரஸ்ட் தொடங்கிய ஆண்டு 1996. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்லும் கம்பெனிச் சட்ட விதி நடைமுறைக்கு வந்ததோ 2014 ஏப்ரலில். சட்டம் கேட்குமுன்பே கை நீண்டுவிட்டது!

பள்ளி, அங்கன்வாடி, கால்நடை மருந்தகம் எல்லாம் அரசுடையவை. அவற்றுக்குப் போட்டியாக வேறொன்றைக் கட்டாமல், இருப்பதை ஒழுங்காக இயங்க வைப்பதே டிரஸ்டின் வழி. சரியான வழியும் அதுதான். தனியார் கட்டிய தனிக்கட்டடம் பணம் நின்றதும் பூட்டிக்கொள்ளும்.

மகளிர் சுய உதவிக் குழுவில் இந்தக் கூட்டு நன்றாகத் தெரியும். பெண்கள் கூடிச் சேமிப்பைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், தமக்குள் கடன் கொடுத்து வசூலிக்கிறார்கள். கணக்கு எழுதவும் கறவை மாடு பராமரிக்கவும் பயிற்சி தருவது டிரஸ்ட். அந்தப் பதிவேட்டை நம்பிக் கடன் தருவது வங்கி. மாட்டுக்குத் தடுப்பூசி போடுவது அரசுக் கால்நடைத் துறை. பால் பணம் வருவது அந்தப் பெண்களின் கைக்கு.