டெஃப்கானில் லீவு கிடையாது

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே உலகத்தை அழிக்கலாம் என்பதை எங்கள் ஊரான பேத்தமங்களாவுக்கு அறிமுகப்படுத்தியவன் என் அக்கா மகன். பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வருவான், கூடவே லேப்டாப்பும் வரும். ஆட்டத்தின் பெயர் டெஃப்கான். இன்ட்ரோவர்ஷன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2006இல் வெளியிட்டது. இருண்ட திரையில் உலக வரைபடம், அதில் நகரத்துக்கு ஒரு புள்ளி. எச்சரிக்கை நிலை ஐந்தில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கும். ஒன்றைத் தொட்டதும் அணுகுண்டு வீசலாம். எல்லோரும் சாவார்கள் என்று அட்டையிலேயே எச்சரித்துவிட்டுத்தான் விற்கிறார்கள். அந்த மட்டில் நேர்மையான கம்பெனி.

இந்த ஆட்டத்தை எங்கள் வீட்டில் மூன்று பேர் பரிசோதித்தோம். அவன் ஆடினான், நான் யோசனை சொன்னேன். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறை சொன்னார். எங்கள் குழுவில் அதிக உற்பத்தி காட்டியவர் அவர்தான்.

முதல் குறை வரைபடத்தில். உலகத்தை ஆறு அணிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவும் சீனாவும் ஜப்பானும் ஒரே அணி! லடாக் பக்கம் பணியில் இருக்கும் ராணுவக்காரர் யாராவது இதைப் பார்த்தால் லேப்டாப் உயிரோடு திரும்பாது. இத்தனை பேரைச் சேர்த்த பிறகு, அணிக்குப் பத்துக் கோடி ஜனம் என்று ஒரே அளவாக வெட்டியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் கூட்டினாலே 13 கோடியைத் தாண்டுகிறது. மிச்சம் மூன்று கோடிப் பேர் யுத்தத்துக்கு முன்பே எங்கே போனார்கள் என்று கேட்டால் ஆட்டத்தில் பதில் இல்லை.

பேத்தமங்களாவுக்குப் புள்ளி கிடையாது. தங்கவயல் முழுக்கத் தண்ணீர் குடித்தது எங்கள் பாலாற்று ஏரியிலிருந்துதான் என்பது பிரிட்டிஷ் கம்பெனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தங்கத்தை எடுத்துக்கொண்டு போனதும் அவர்களுடைய ஆட்கள்தானே! நான் கொஞ்சம் சூடாகவே பேசினேன். சமையலறையிலிருந்து அக்கா தலையை நீட்டி, “புள்ளி இல்லன்னா குண்டு போடமாட்டான் இல்ல? அப்புறம் இன்னாத்துக்குக் கத்தற?” என்றாள். ஊர்ப்பெருமையைச் சிலர் புரிந்துகொள்வதே இல்லை.

இரண்டாவது குறை மதிப்பெண். எதிரியின் பக்கம் பத்து லட்சம் பேர் செத்தால் இரண்டு மதிப்பெண் கூடும். நம் பக்கம் பத்து லட்சம் பேர் செத்தால் ஒன்றுதான் குறையும். நம் ஜனத்தில் பாதியை, அதாவது ஐந்து கோடிப் பேரைப் பறிகொடுத்து, அவன் பக்கம் ஐந்து கோடியைக் கொன்றால், ஐம்பது மதிப்பெண் லாபத்தோடு வெற்றி வாகை சூடலாம். மாலை போட ஆள் மிஞ்சியிருக்கிறதா என்பது தனி விஷயம்.

மூன்றாவது குறையைக் கண்டுபிடித்தது பெரியப்பா. வெகுநேரம் திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏண்டா, இவ்ளோ பெரிய சண்டையில ஒரு ஆளு கூடவா லீவு போடல?”

“தாத்தா, இது கம்ப்யூட்டர். இதுல லீவு கிடையாது.”

“ஷிப்டுக்கு நூறு பேரு வரணும்னா எண்பது பேருதான் வருவான். கேஜ் ரிப்பேரு, பம்பு ரிப்பேரு, மேஸ்திரிக்கு மாமியார் சாவு. அது இல்லாம இன்னாடா வேலை?”

அவர் சொன்னதை யோசிக்க யோசிக்க, ஆட்டத்தின் ஆதாரமே ஆட்டம் கண்டது. டெஃப்கானில் கரண்ட் போவதில்லை. 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வாங்கியது தங்கவயல். அதன் பக்கத்திலேயே இருக்கும் எங்களுக்கே அப்படி ஒரு தெம்பு கிடையாது. பொத்தானை அழுத்தினால் ஏவுகணை புறப்படுகிறது. ‘மேலே கேட்டுச் சொல்றேன் சார்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. யாருக்கும் கை நடுங்குவதில்லை, சந்தேகம் வருவதில்லை.

நிஜத்தில் என்ன நடந்தது? 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்காவின் வான்பாதுகாப்புத் தலைமையகத் திரைகளில் ரஷ்ய ஏவுகணைகள் கூட்டமாக வந்தன. போர் விமானங்கள்கூடக் கிளம்பிவிட்டன. ரேடார்காரர்களைக் கேட்டால் வானம் காலி. பயிற்சிக்கு வைத்திருந்த பொய் யுத்தம் நிஜக் கணினியில் ஓடியிருக்கிறது. அடுத்த ஜூனில் மறுபடி அலறல். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இரண்டாக விழுந்தது. இந்தத் தடவை காரணம், 46 சென்ட் விலையுள்ள ஒரு சில்லு. உலகம் அழிய இருந்த தொகை அன்றைய கணக்கில் நான்கு ரூபாய்கூடத் தேறாது.

1983 செப்டம்பர் 26 அன்று ரஷ்யாவின் முறை. ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் செயற்கைக்கோள் சொன்னது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், யுத்தம் தொடங்குகிறவன் வெறும் ஐந்தோடா தொடங்குவான் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டார். மேகத்தில் பட்ட வெயிலைத்தான் கருவி ஏவுகணை என்று எண்ணியிருந்தது. உலகத்தைக் காப்பாற்றியவருக்கு மேலதிகாரிகள் என்ன செய்தார்கள்? பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்று கண்டித்தார்கள். இதைச் சொன்னதும் பெரியப்பா முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே! ரஷ்யாக்காரன்மேல் அவருக்கு அன்றுதான் நம்பிக்கை பிறந்தது.

நம் பக்கமும் சளைத்ததில்லை. 2022 மார்ச் 9 அன்று வழக்கமான பராமரிப்பின்போது நம் ஏவுகணை ஒன்று தவறிக் கிளம்பி, பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. வெடிகுண்டு இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. நாம் வருத்தம் தெரிவித்தோம். அவர்கள் கண்டித்தார்கள், பதிலுக்கு எதையும் ஏவவில்லை. டெஃப்கானில் இரண்டு அணிகளுக்கு நடுவே இதே காரியம் நடந்திருந்தால் இரண்டு பக்க நகரங்களும் அரைமணி நேரத்தில் மதிப்பெண்ணாகியிருக்கும். அது மட்டுமா? 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும், எத்தனை சண்டை இருந்தாலும், இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் புத்தாண்டுக் காலண்டர் போல மாற்றிக்கொள்கின்றன, அங்கெல்லாம் அடிக்காதே என்று. இந்த மரியாதைக்கு டெஃப்கானில் ஒரு பொத்தான் இல்லை.

முன்பு எங்கள் கோலார் மாவட்டத்தோடு இருந்த கௌரிபிதனூரில், உலகில் எங்கே பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்தாலும் கண்டுபிடிக்க 1960களில் ஒரு நில அதிர்வு நிலையம் வைத்தார்கள். “நம்ம சுரங்கத்துல பாறை வெடிச்சாலும் அங்க கோடு விழும்” என்றார் பெரியப்பா. அப்படியானால் கிறுக்கலைப் பார்த்து, இது குண்டு, இது சாம்பியன் ரீஃப் என்று பிரித்துச் சொல்ல அங்கே ஒரு மனுஷன் வேண்டும். டெஃப்கான் விட்டுவிட்டது அந்த மனுஷனைத்தான்.

நான்காவது குறை, ஆட்டம் முடிகிற இடம். ஒரு நகரத்தில் குண்டு விழுந்தால், ஊர்ப்பெயரும் இத்தனை லட்சம் பேர் என்ற கணக்கும் திரையில் வந்து மறைகின்றன. சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கவயலில் வேளை கெட்ட வேளையில் சங்கு ஊதினால், லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். எத்தனை பேர் என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள். யார் என்றுதான் கேட்பாள். கணக்குச் சொல்லிவிட்டு ஆட்டம் அடுத்த நகரத்துக்குப் போகிறது. மறுநாள் என்ற ஒன்று அதில் வருவதே இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவில் நூறு குண்டுகள் வீசிக்கொண்டால் 50 லட்சம் டன் புகைக்கரி வானில் ஏறி, பூமி சராசரியாக ஒன்றேகால் டிகிரி குளிரும் என்று 2007இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அப்புறம் கோலார் தக்காளி என்ன விலை, ராகி விளையுமா, இதையெல்லாம் ஜெயித்தவன்தானே சொல்ல வேண்டும்?

ஒளிய இடமில்லை என்பது பெரியப்பாவின் தனிப்பட்ட வருத்தம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் தோண்டி வைத்த ஓட்டை பக்கத்திலேயே இருக்கும்போது அதை வரைபடத்தில் காட்டவில்லையாம். 2001இல் மூடியதிலிருந்து அதில் தண்ணீர் நிற்கிறதே என்றேன். “பம்பு போட்டா இறங்கிடும்” என்றார். நிர்வாகத்தின்மேல் எனக்கில்லாத நம்பிக்கை அவருக்கு.

இத்தனை குறைகளையும் சரிசெய்து அடுத்த பதிப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எச்சரிக்கை நிலை ஒன்றைத் தொடும். ஒருவர் பதிவேட்டைத் தேடுவார். ஒருவர் சில்லை மாற்றுவார். ஒருவர் ரேடாருக்குப் போன் போட்டு, நிஜமாகத்தான் வருகிறதா என்று மறுபடி கேட்பார். மேஸ்திரி மாமியார் சாவுக்குப் போயிருப்பார். ஆறு மணி நேரம் கழித்தும் ஒருவரும் செத்திருக்கமாட்டார்கள்; எல்லா அணிக்கும் பூஜ்யம். “இதைக் காசு குடுத்து எவன் வாங்குவான் மாமா?” என்றான் அக்கா மகன்.

யாரும் வாங்கமாட்டார்கள்தான். ஆனால் 1945க்குப் பிறகு உலகத்தில் ஓடிக்கொண்டிருப்பது அந்தப் பதிப்புதான். பூஜ்யத்தை விட்டு அது நகராமல் இருக்கும்வரை வரி கட்ட எனக்கு ஆட்சேபம் இல்லை.