மங்கி குல்லாவும் நந்தாதேவியும்

உத்தரகண்டின் அவுலியில் பனிச்சரிவின் மேலே நின்றால் எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி தெரியும். உப்பிலியபுரத்திலிருந்து அங்கே பனிச்சறுக்குப் பழகப் போன மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சொந்த மூச்சுதான்.

மாமா எதற்கும் அஞ்சாதவர், குளிரைத் தவிர. மார்கழி விடியலில் சோபனபுரம் வழியாகப் பச்சைமலைக்கு பைக்கில் ஏறினாலே ஹெல்மெட்டுக்குள் மங்கி குல்லா மாட்டுகிறவர். இமயமலை என்றதும் விடுவாரா? இரண்டு பனியன், ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர், வாடகைக் கோட்டு, காதை மூடிக் குல்லா, மூக்கை மூடி மப்ளர். எல்லாவற்றுக்கும் மேலே சறுக்குக் கண்ணாடி. அதற்குள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடி. முதல்முறை விழுந்து எழுந்ததுமே உள்ளே இருந்தது, வெளியே இருந்தது இரண்டும் சேர்ந்து வெளுத்துவிட்டன.

"எல்லாம் இந்தக் குளிராலதான் மாப்ள" என்றார், கூட வந்த மருமகனிடம்.

குளிர்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. முகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடைபட்ட காற்று, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி வியர்வையின் ஈரத்தையும் ஏற்றிக்கொள்கிறது. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் அந்த ஈரம் பொடித் துளிகளாகப் படிந்துவிடும். துளி ஒவ்வொன்றும் ஒளியை ஒரு பக்கம் சிதறடிக்க, பார்வை போயே போச்சு. வீட்டில் இட்லிக் குண்டானைத் திறக்கும் அத்தைக்கும், ஐப்பசி மழையில் ஏசி பஸ்ஸை விட்டுத் திருச்சியில் இறங்குகிறவருக்கும் நேர்வது இதேதான். மாமாவின் விஷயத்தில், ஈரத்தை ஏற்பாடு செய்தது முழுக்க முழுக்க அவரே. இரண்டு ஸ்வெட்டருக்குள் வெந்த உடம்பு வியர்த்தது. மப்ளர் தடுத்த மூச்சு வேறு வழியில்லாமல் மேலேறிக் கண்ணாடிக்குள் புகுந்தது.

இதில் ஓர் அநியாயமும் உண்டு. தேர்ந்தவர் சரிவில் பாய்ந்து போகும்போது எதிர்க்காற்று கண்ணாடியின் துளைகள் வழியே புகுந்து ஈரத்தை வாரிக்கொண்டு போய்விடும். விழுந்து, எழுந்து, நின்ற இடத்தில் மூச்சு வாங்குகிற கற்றுக்குட்டிக்குத்தான் வியர்வையும் அதிகம், காற்றும் கிடையாது. அதாவது, எவருக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டுமோ அவருக்குத்தான் தெரியாது.

இந்தத் தொல்லைக்கு 1960களில் வழி கண்டவர் அமெரிக்காவின் பாப் ஸ்மித். பல் சீரமைப்பு மருத்துவர், பனிச்சறுக்குப் பைத்தியம். இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே காற்றை அடைத்து, உள்லென்ஸ் சில்லிட்டுப் போகாமல் காத்தார். காற்று வந்து போகும் துளைகளுக்கு நுரைப்பஞ்சு வைத்தார். இன்றைய கண்ணாடிகளும் பெரும்பாலும் அந்த வழிதான். என்ன பிரயோஜனம், மேல்துளைகளின்மீது மாமாவின் மங்கி குல்லா அல்லவா குடியிருந்தது!

மாமா அடுத்துச் செய்ததுதான் பெரும்பிழை: கையுறை விரலை உள்ளே விட்டு அழுத்தித் துடைத்தார். உள்பக்கம் ஆவி படியாமலிருக்கப் பூசிய மெல்லிய பூச்சு, ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் கீறிப்போகும். தண்ணீரை உதறிவிட்டு, காற்றில் காயவைப்பதே சரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைப்பதும் கூடாது. அங்கேதான் வியர்வை ஊற்றே இருக்கிறது.

மாமா மட்டும்தான் என்றில்லை. 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ விண்கலத்தை விட்டு வெளியே வந்த யூஜின் செர்னனுக்கும் இதே கதி. குளிர்விக்கும் காற்று போதாமல் வியர்த்துக் கொட்டி, தலைக்கவசத்தின் முகப்பு மங்கியது. துடைக்கக் கையும் உள்ளே போகாது. மூக்கு நுனியால் தேய்த்து, ஒரு சின்ன ஓட்டை வழியே பார்த்தபடி கலத்துக்குள் திரும்பினார். பிறகு வந்தவர்களுக்கு முகப்பில் பூச ஒரு கரைசல் கொடுத்தார்கள். அதிலும் ஒரு வம்பு: 2001 ஏப்ரலில் கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்டுக்கு விண்வெளி நடையின் நடுவில் அத்தகைய கரைசலே கண்ணில் பட்டு, எரிந்து, சிறிது நேரம் எதுவுமே தெரியவில்லை.

மூக்குக்கண்ணாடிக்கு இவ்வளவு ஆபத்தில்லாத வைத்தியம் உண்டு. முகக்கவசம் அணியும் அறுவை மருத்துவர்களுக்காக 2011இல் ஓர் இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த யோசனை: சோப்புத் தண்ணீரில் கழுவி, தானாக உலர விடுங்கள். சோப்பின் படலம் தண்ணீரைத் துளியாகத் திரளவிடாமல் பரப்பிவிடும். பரந்த தண்ணீரின் ஊடே தெளிவாகத் தெரியும்.

மறுநாள் மருமகன் ஒரு ஸ்வெட்டரை உருவினான், மப்ளரைத் தாடைக்கு இறக்கினான், குல்லாவை நெற்றிக்கு மேலே தள்ளினான், மூக்குக்கண்ணாடியைத் தங்கும் விடுதி சோப்பில் கழுவித் தந்தான். மாமா சரிவின் மேலே நின்று கீழே பார்த்தார். துல்லியமாகத் தெரிந்தது.

"என்ன மாப்ள, இவ்வளவு செங்குத்தா இருக்கு?"

"நேத்தும் இதுலதான் இறங்குனீங்க மாமா."

மாமா ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். நடந்து இறங்கினால் அவ்வளவாக வியர்க்காதாம்.